ஊர் கிளம்பினால் யாரெல்லாம் கூடப் போவார்கள்?

பிலிப் ரீவ் 2001இல் எழுதிய ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’ நாவலில் லண்டன் மாநகரமே அடுக்கடுக்காக எழும்பி, ராட்சதச் சங்கிலிப் பட்டைகளில் உருண்டு, எதிர்ப்படும் சிற்றூர்களை விழுங்குகிறது. கிறிஸ்டோபர் பிரீஸ்டின் ‘இன்வெர்ட்டட் வேர்ல்ட்’ (1974) நாவலிலும் நகரம் நகர்கிறது. ஆனால் மனிதர்கள் படாதபாடு பட்டால்தான். முன்னால் தண்டவாளம் போட்டு, கம்பிவடத்தால் ஊரை இழுத்து, கடந்துவந்த தண்டவாளத்தைப் பெயர்த்து மறுபடி முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

இந்த இரண்டாவது கதைதான் எனக்கு நிஜத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது. காரணம், சுவீடனின் கிருனா.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, இரும்புத்தாதுச் சுரங்கத்தை நம்பி உருவான ஊர் அது. தாதுப் படிவம் சாய்வாக ஊருக்கு அடியில் இறங்குகிறது. தோண்டத் தோண்ட மேலே உள்ள பாறை சரிகிறது. நிலத்தில் விழும் வெடிப்பு ஊரை நோக்கி வருகிறது. சுரங்கத்தை மூடினாலோ ஊருக்குப் பிழைப்பில்லை. அதனால் ஊரையே மாற்றுவதென்று 2004இல் அறிவித்தார்கள். புதிய நகர மையம் சுமார் 3 கி.மீ. கிழக்கே எழுந்தது.

2025 ஆகஸ்டில் அங்கே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நாவல்கள் நினைவுக்கு வந்திருக்கும். 1912இல் கட்டிய செந்நிற மரத் தேவாலயம், 672 டன் எடை, 40 மீட்டர் அகலம். அதை அப்படியே தூக்கிப் பல சக்கர வண்டிகளின் மேல் வைத்தார்கள். உள்ளே ஆர்கனும் பீடத்து ஓவியமும் பத்திரமாகப் பொதிந்திருந்தன. அது போவதற்காகவே சாலையை 24 மீட்டராக அகலப்படுத்தியிருந்தார்கள். 5 கி.மீ. தூரம் போக இரண்டு நாள்.

ஆனால் இப்படிப் பெயர்ந்து போனவை சில பழைய கட்டடங்கள் மட்டுமே. பெரும்பாலான வீடுகளை இடித்துவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள். நகரும் லண்டனில் மக்கள் தங்கள் கட்டிலில் படுத்தபடியே ஊர் ஊராகப் போகலாம். கிருனாவில் இழப்பீடோ புது வீடோ கிடைத்தது. பழைய ஜன்னலும் அதன் வழியே தெரிந்த தெருவும் கிடைக்கவில்லை. நகரும் நகரக் கதைகள் பலவும் இந்த இடத்தைத் தொடாமலே கடந்துவிடுகின்றன.

தேவாலயம் போய்ச் சேர்ந்த அதே மாதம், மேலும் சுமார் 6,000 பேர் வீடு மாற வேண்டியிருக்கும் என்று சுரங்க நிறுவனம் அறிவித்தது.