உங்களுக்குத் தெரியுமா? மும்பை வரை வந்த போக்கிமான்

போக்கிமான் விளையாட்டின் முதல் இரு பதிப்புகளான சிவப்பும் பச்சையும் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில், நின்டெண்டோவின் கேம் பாய் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தன. உருவாக்கியவர், சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த சதோஷி தாஜிரி. ஆட்டத்தில் பிடித்துச் சேர்க்க வேண்டிய போக்கிமான் உயிரினங்களில் சில ஒவ்வொரு பதிப்பிலும் வேண்டுமென்றே விடப்பட்டன. அத்தனையும் வேண்டுமென்றால் இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து, இன்னொருவரோடு பண்டமாற்று செய்தாக வேண்டும். ரசிகர்களை ஒன்றுசேர்த்தது கதையைவிட இந்தக் குறைதான் எனலாம்.

இந்தியச் சிறுவர் பலருக்குப் போக்கிமான் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் தொடராகத்தான் அறிமுகமானது. கைபேசியில் ஆடும் போக்கிமான் கோ 2016 ஜூலையில் சில நாடுகளில் வெளியாகி, டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் கைகோத்து இந்தியாவுக்கு வந்தது. ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள், ஆட்டப் பொருள்கள் கிடைக்கும் போக்கிஸ்டாப்புகளாயின. பொறுமையற்றவர்களோ முன்பே குறுக்குவழியில் இறக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோயில்கள் இருக்கும் இடங்களில் ஆட்டத்தின் முட்டைகள் தோன்றி மத உணர்வைப் புண்படுத்துகின்றன என்று செப்டம்பரிலேயே குஜராத் உயர் நீதிமன்றத்தில் வழக்கு!

போக்கிமான் கோ ஆட்டத்தில் பவள உருவம் கொண்ட கோர்சோலா என்ற உயிரினம் இயல்பாக வெப்பமண்டலக் கடலோரங்களில்தான் அகப்படும். லண்டன் ரசிகர் அதற்காகப் பயணம் போக வேண்டும், மும்பை ரசிகருக்கு அந்த அலைச்சல் இல்லை. 2025இல் போக்கிமான் கோவின் ‘சிட்டி சஃபாரி’ நிகழ்ச்சியும் மும்பையில் நடந்தது.