கதை விளையாட்டும் கணினித் துணையும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு வேடத்தை மனத்தால் ஏற்று, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடியாகும். ஒருவர் கதையை நடத்துவார், சூழ்நிலையை எடுத்துரைப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் அப்போது என்ன செய்யும் என்பதைச் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகங்கொண்ட பகடை தீர்மானிக்கும்.

நமக்கு இஃது முற்றிலும் அந்நியமன்று. நம் இல்லங்களில் தாயக்கட்டை உருண்டது. பரமபதப் படத்தில் ஏணி நல்வினையையும் பாம்பு தீவினையையும் சுட்டின. பகடையும் கதையும் ஒருங்கே அமைவது நாம் அறிந்ததே.

வெவ்வேறு ஊர்களில் இருப்போரும் இவ்விளையாட்டை ஆடும்பொருட்டுக் கணினிக் கருவிகள் பல தோன்றியுள்ளன. 2012-இல் வந்த ‘ரோல்20’ அவற்றுள் ஒன்று. வரைபடம், பகடை, பாத்திரங்களின் குறிப்பேடு ஆகிய யாவும் திரையிலேயே கிடைக்கின்றன. எனினும், நம் மக்களுக்கு முழுதும் பொருந்தும் கருவி எவ்வாறு இருத்தல் வேண்டும்? ஓர் ஊரை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

கருநாடகத்துக் கோலார் தங்க வயலில் ஆண்டர்சன்பேட்டை இருக்கிறது. 1880-ஆம் ஆண்டிற்குப் பின் அங்கே ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை நடத்தியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்கே குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்கள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வேறு மாநிலங்களுக்கே பெயர்ந்துவிட்டோரும் உளர். மூடியபொழுது முப்பது வயதினராய் இருந்த தொழிலாளரும் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். கூண்டில் இறங்கிய அனுபவம் அவர்களோடு மெல்ல மறைந்து வருகிறது.

இந்நிலையில் ஒரு விளையாட்டைக் கற்பனை செய்வோம். ஆண்டர்சன்பேட்டையில் உள்ள பாட்டனார் கதையை நடத்துகிறார். பேரன் பெங்களூரிலும் பேத்தி புனேயிலும் இருந்து ஆடுகின்றனர். ஒருவர் கூண்டை இயக்குபவர். மற்றொருவர் பாறையில் துளையிடுபவர். ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறுகிறது. உடனிருப்போனைத் தேடிச் செல்வதா, வழி அடைபடுமுன் வெளியேறுவதா? பேத்தி முடிவெடுக்கத் தயங்குகிறாள். அத்தகைய வேளையில் உண்மையில் என்ன செய்வார்கள் என்பதைப் பாட்டனார் அறிவார். எந்த நூலைப் புரட்டியும் அவள் பெற முடியாத செய்தி அது.

ஆகவே, கருவிக்கு நாம் முதலாவதாக வேண்டுவது மொழி. பாட்டனார் பேசும் தமிழைக் கேட்டு அது செயற்பட வேண்டும். ஆங்கிலப் பொத்தான்களைத் தேடி அவர் அலையலாகாது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர் அது. அக்கலப்பையும் பிழையெனத் தள்ளாமல் கருவி ஏற்றல் நன்று.

இரண்டாவது, நேர்மையான பகடை. இரண்டு தாயக்கட்டைகளில் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என முகங்கள் அமைந்திருப்பின், பதினாறு வகையாக அவை விழலாம். ஒன்றும் பூச்சியமுமாக இரண்டு வகையில் விழுந்தால் மட்டுமே தாயம். அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆறுமுகப் பகடையிலோ ஒன்று விழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாயக்கட்டையின் படத்தை மட்டும் காட்டிவிட்டு உள்ளே ஆறுமுகப் பகடையை உருட்டும் கருவி ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடும். காத்திருந்து பெறும் தாயத்திற்கு அன்றோ மதிப்பு?

மூன்றாவது, தன் எல்லையை அறிந்த அடக்கம். கணக்கையும் குறிப்பையும் கருவி ஏற்கட்டும். கற்பனையும் தீர்ப்பும் மனிதரிடமே இருக்கட்டும். கதையையே புனைந்து தரும் இயந்திரங்களும் இன்று வந்துவிட்டன. அவை நொடியில் ஒரு சுரங்கக் கதையை எழுதித் தரும். ஆனால், பேத்தியின் கேள்விக்குப் பாட்டனார் சற்று மௌனமாயிருந்து விடை கூறுவாரே, அம்மௌனத்தை அவை தரமாட்டா. அவருடைய இடத்தில் இயந்திரத்தை அமர்த்தினால் ஆட்டம் நடக்கும், உறவு நடவாது.

நான்காவது, நினைவு. ஒவ்வோர் அமர்விலும் பேசியவற்றை, அனைவரும் இசைந்தால், குரலாகவே கருவி சேமிக்க வேண்டும். அச்சேமிப்பு அக்குடும்பத்தின் உடைமையாக, அவர்தம் கைபேசியிலேயே இருத்தல் வேண்டும். இணைப்பு அறுந்தாலும் ஆட்டம் அழியலாகாது. விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும்.

இவ்வளவும் ஒருங்கே அமைந்த கருவி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லந்தோறும் ஒரு காகிதமும் எழுதுகோலும் இருக்கும். ஊரிலுள்ள பெரியவரோடு பேசத் தொலைபேசியும் இருக்கும். ஒரு ஞாயிறன்று குழந்தைகளை அருகில் அமர்த்தி, “நீங்கள் முதன்முதலில் வேலைக்குச் சென்ற நாளுக்கு எங்களை அழைத்துச் செல்லுங்கள், நாங்களும் உடன் வருகிறோம்” என்று அவரைக் கேளுங்கள். பகடையை அவரே உருட்டட்டும். கருவி பின்னர் வந்து சேர்ந்துகொள்ளும். கதை சொல்வோர் நம்மோடு இருக்கும் காலமே இதற்குரிய காலம்.