மூவரில் ஒருவர்தான் மிச்சம்

திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள அரசின் ‘கைட்’, பள்ளிக் கணினிகளுக்குத் தயாரித்துத் தருவது உபுண்டு வழிவந்த லினக்ஸ். அதில் ‘ஸ்லாப்டாப்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு பட்டியல் விரியும். ‘டென்ட்ரி’ என்ற வரியைப் பாருங்கள்: கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் துண்டு, ஒன்று சுமார் 192 பைட். 4,096 பைட் நினைவகப் பக்கத்தில், பெட்டியில் லட்டு அடுக்கியதுபோல 21 துண்டுகள்.

இப்படி அடுக்கித்தர லினக்ஸ் கெர்னலில் முன்பு மூவர் இருந்தார்கள். மூத்தது ஸ்லாப், சோலாரிஸ் இயங்குதளத்துக்காக ஜெஃப் போன்விக் வகுத்து 1994இல் விளக்கிய முறையில் பிறந்தது. ஸ்லோப், நினைவகம் குறைந்த சிறு கருவிகளுக்கு. ஸ்லப் 2007இல் வந்தது. (பெயர் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் கருணை இருந்திருக்கலாம்.)

ஒன்று போதாதா?

போதும். ஒரு வசதியைச் சேர்த்தால் மூன்று இடத்திலும் சரிபார்க்க வேண்டும். ஸ்லோப் இருந்தவரை, தனிப் பெட்டியிலிருந்து எடுத்த துண்டைப் பொதுவான ‘கேஃப்ரீ’ என்ற செயற்கூறு கொண்டு விடுவிக்கவே வழியில்லை.

ஆனால் மற்ற இரண்டையும் சட்டென்று வெட்டவில்லை. முதலில் ஸ்லோப்பின் அமைப்புத் தேர்வுப் பெயரோடு ‘கைவிடப்பட்டது’ என்ற ஒட்டு. சிறு கருவிகளுக்கு ‘ஸ்லப் டைனி’ என்ற மாற்று. பிறகே 2023இல் 6.4 பதிப்பில் ஸ்லோப் போனது. 2024 மார்ச்சில் வந்த 6.8இல் ஸ்லாப்பும் போனது.

உபுண்டு பல ஆண்டுகளாகவே ஸ்லப்பில்தான் ஓடுகிறது. பள்ளிக் கணினிகளில் எதுவும் மாறவில்லை; கட்டளையின் பெயர்கூட இன்னும் ‘ஸ்லாப்டாப்’தான்.