இழந்த முடியை மீட்ட மன்னர்

இழந்ததை மீட்பது அரிது. மீட்டதைக் காப்பது அதனினும் அரிது. இவ்வுண்மையை இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் வரலாற்றில் நாம் காணலாம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் யார்க், லங்காஸ்டர் என்னும் இரு அரச குடும்பங்கள் இங்கிலாந்தின் முடிக்காகப் போரிட்டன. இவற்றையே ‘ரோஜாப்பூப் போர்கள்’ என்று படிக்கிறோம். யார்க் குடும்பத்து எட்வர்டு 1461-ஆம் ஆண்டு, லங்காஸ்டர் மன்னர் ஆறாம் ஹென்றியை வீழ்த்தி அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயது 18. அவருக்குத் துணைநின்ற வார்விக் பிரபு பின்னர் பகைவரானார். 1470 அக்டோபரில் எட்வர்டு கடல் கடந்து நெதர்லாந்துப் பகுதிக்குத் தப்பியோட நேர்ந்தது. ஹென்றி மீண்டும் மன்னரானார். அரசி எலிசபெத் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கேயே இளவரசரைப் பெற்றெடுத்தார்.

1471 மார்ச்சில் சிறுபடையுடன் எட்வர்டு திரும்பி வந்தார். ஏப்ரல் 14, உயிர்ப்புப் பெருவிழா நாளன்று, பார்னெட் போரில் வார்விக் மாண்டார். மே 4-இல் டியூக்ஸ்பரிப் போரில் ஹென்றியின் ஒரே மகன் இறந்தார். அவ்வூர் மடாலயத்தில் தஞ்சம் புகுந்த எதிரித் தலைவர்கள் வெளியே கொணரப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டனர். தம் மனைவிக்குக் கிடைத்த அடைக்கலம் பிறருக்குக் கிடைக்க எட்வர்டு விடவில்லை. அம்மாதமே ஹென்றியும் லண்டன் கோபுரச் சிறையில் உயிரிழந்தார்.

வாளால் முடியை மீட்க இரண்டே மாதங்கள் போதுமாயிருந்தன. அதை நிலைநிறுத்த எட்வர்டு செய்தவை யாவை?

முதலாவது, பணிந்து வந்த பகைவரின் திறமையைப் பயன்படுத்தினார். லங்காஸ்டர் கட்சியின் சட்ட அறிஞர் ஜான் ஃபோர்டெஸ்க்யூ மன்னிக்கப்பட்டு, அரசவையில் இடம்பெற்றார். அதே கட்சியின் ஜான் மார்ட்டன் என்னும் குரு, உயர் பதவி பெற்று 1479-இல் ஈலி மறைமாவட்ட ஆயரானார்.

இரண்டாவது, தொலைவிலுள்ள பகுதிகளைத் தம் குடும்பத்தார் வழியாக ஆண்டார். வேல்ஸ் எல்லையிலுள்ள லட்லோ கோட்டையில் சிறுவயது இளவரசரின் பெயரால் ஓர் ஆட்சிமன்றம் இயங்கியது. வடபகுதியைத் தம்பி ரிச்சர்டு கவனித்தார்.

மூன்றாவது, கருவூலத்தை நிரப்பினார். அரச நிலங்களின் வருவாயைத் தம் நேர்ப் பார்வையில் வைத்தார். கம்பளியும் துணியும் ஏற்றுமதி செய்து தாமே வாணிகமும் நடத்தினார். 1475-இல் பிரான்சின்மீது படையெடுத்தவர், பிக்கினி உடன்படிக்கைப்படி 75,000 கிரவுன் உடனடியாகவும், ஆண்டுக்கு 50,000 கிரவுனும் பெற இசைந்து, போரிடாமலே திரும்பினார். அப்படையெடுப்புக்காகச் செல்வரிடம் ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் பணம் திரட்டியிருந்தார். மன்னரே நேரில் கேட்கும்போது மறுப்பவர் யார்? பெயர்தான் அன்பளிப்பு!

நான்காவது, எதிர்ப்பைச் சொந்த வீட்டிலும் பொறுக்கவில்லை. ஒருமுறை வார்விக்குடன் சேர்ந்து, பின் மன்னிக்கப்பட்ட தம்பி கிளாரன்சு பிரபு, துரோகக் குற்றத்திற்காக 1478-இல் கொல்லப்பட்டார்.

1483 ஏப்ரல் 9-இல், 40-ஆம் வயதில் எட்வர்டு இறந்தபோது நாட்டில் அமைதி நிலவியது. அரசுக்குக் கடன் சுமை இல்லை. ஆனால் நடந்தது என்ன? மூன்று மாதங்கள் முடியுமுன்னே, ஜூன் 26-இல், பன்னிரண்டு வயது இளவரசரை விலக்கிவிட்டு ரிச்சர்டு முடியைக் கைப்பற்றினார். கோபுரத்தில் வைக்கப்பட்ட எட்வர்டின் மைந்தர் இருவரையும் அதன்பின் எவரும் காணவில்லை. அரசி எலிசபெத் பிள்ளைகளுடன் அதே வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தை மீண்டும் நாடினார்.

எட்வர்டு கணக்கைச் சீராக்கினார், எல்லையைக் காத்தார், பகைவரையும் பணியாளராக்கினார். ஆனால் அரசியின் உறவினருக்கும் பிற பிரபுக்களுக்கும் இடையே இருந்த பகை, அவர் முன்னிலையில் அடங்கியிருந்ததே தவிர அணைந்துவிடவில்லை. அவர் கண் மூடியதும் அது மூண்டது. இறுதியில் அவருடைய மூத்த மகள் எலிசபெத், லங்காஸ்டர் வழிவந்த ஏழாம் ஹென்றியை 1486-இல் மணந்தபோதுதான் இரு குடும்பங்களும் இணைந்தன.

ஒருவரின் வலிமையை மட்டுமே நம்பி நிற்கும் அமைதி, அவரோடே மறைந்துவிடும். நாட்டுக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் பொருந்தும் பாடம் இது அன்றோ!