உடலினுள் ஓர் இரட்டை அரிதட்டு

நம் உடற் கலங்களில் ஓயாது புரதம் ஆக்கப்படுகின்றது. அதற்கு வேண்டிய அமினோவமிலங்களைச் சுமந்து செல்வது இடமாற்று ஆர்.என்.ஏ. எனும் மூலக்கூறாகும். எச்சுமையை எவரிடம் ஏற்றுவது என்று தேர்ந்து ஏற்றுபவை சில நொதியங்களே.

ஐசோலியூசீனும் வலீனும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. முன்னதில் ஒரு காபனும் ஈர் ஐதரசனும் மிகுதி, அவ்வளவே. ஐசோலியூசீனை ஏற்றும் நொதியம் இவற்றை எங்ஙனம் பிரித்தறிகின்றது? 1977இல் பிரித்தானிய விஞ்ஞானி அலன் பேர்ஷ்ட் இதனை இரண்டு அரிதட்டுகளுக்கு ஒப்பிட்டார். முதலாவது, பருத்தவற்றை உள்ளே விடாது. அதனூடே தப்பி வந்த வலீன், நுண்ணிய கண்ணுடைய இரண்டாவதில் விழும், உடனே கழற்றப்படும். ஐசோலியூசீனோ அதில் நுழையாது தப்பும்.

இக்காவல் தளர்ந்தால்? அலனீனுக்குரிய இடத்தில் தவறி ஏறிய செரீனைக் கழற்றும் ஆற்றல் சிறிதே குன்றிய எலிகளின் சிறுமூளை நரம்புக் கலங்கள் மடிந்தமையை 2006இல் ஆய்வாளர் கண்டனர். அணுவளவு பிழையும் அத்துணைப் பெரிது!