இக்காமா: வக்கீல் எப்போது வேண்டும்?

டோல்கேட் தொடங்கி எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் இந்தத் தொழிற்பகுதியில், ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலையோ வெல்டிங்கோ கற்று, உள்ளூர் ஆலைகளில் சில காலம் காண்ட்ராக்டில் உழைத்து, நிரந்தர உத்தியோகம் கிட்டாமையால் சவுதி அரேபியாவுக்குப் பிரயாணமானவர்களின் குடும்பங்கள் பல உண்டு. அங்கிருந்து வரும் செய்திகளுள், சம்பளம் தாமதம் என்பதைக் காட்டிலும் வீட்டாரைக் கலக்குவது, "இக்காமா முடிஞ்சிடுச்சு, கபீல் அடிக்க மாட்டேங்கிறான்" என்ற ஒரு வாக்கியந்தான். உடனே, ரியாத்தில் நல்ல வக்கீலாகப் பார்த்துப் பணம் கட்டினால் காரியம் ஆகுமா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகாது என்பதே நேரான பதில். இக்காமா எனப்படும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் அதிகாரம் வக்கீலிடத்திலும் இல்லை, தொழிலாளியிடத்திலும் இல்லை. அவரை அழைத்துக்கொண்ட முதலாளியிடத்தில், அதாவது கபீலிடத்தில், இருக்கிறது. அதிகாரத்தோடு செலவையும் சட்டம் அவர் தலையிலேயே சுமத்தியிருக்கிறது. இக்காமாவுக்கும் வேலை அனுமதிக்கும் உரிய கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதத்தால் விளையும் அபராதம், வேலை முடிந்தபின் ஊர் திரும்பும் டிக்கெட் ஆகிய அனைத்தும் முதலாளியின் பொறுப்பு என்று சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. இந்த ஒரு பிரிவைப் புறப்படுமுன்பே ஒவ்வொருவருக்கும் மனத்தில் பதியுமாறு சொல்லி அனுப்பவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் கபீல் ஏன் தயங்குகிறார் என்பதற்குக் கணக்கே காரணம் சொல்லும். இக்காமாவுக்கு ஆண்டுக்கு 650 ரியால்தான். ஆனால் அதற்கு முன்னதாகக் கட்டவேண்டிய வேலை அனுமதிக் கட்டணம் 2018 முதல் படிப்படியாக உயர்ந்து, 2020இல், உள்நாட்டாரைவிட வெளிநாட்டார் மிகுந்த நிறுவனங்களுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 800 ரியால், ஆண்டுக்கு 9,600 ரியால் என்று நின்றது. மருத்துவக் காப்பீடும் சேர்ந்துகொள்ள, ஐம்பது ஆட்களை வைத்திருக்கும் சாதாரணக் கட்டட காண்ட்ராக்டர் ஒருவர், தமக்கு வரவேண்டிய பில் தொகை நிலுவையில் நிற்கும்போது, முதலில் கைவிடுவது இந்தக் கட்டணத்தைத்தான். 2021 முதல் மூன்று மாதத் தவணையாகவும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் அனுமதித்திருப்பதால், "மொத்தமாகக் கட்டப் பணமில்லை" என்னும் சமாதானத்துக்கு இப்போது அவ்வளவாக இடமில்லை.

தொழிலாளியோ, தம் அனுமதி காலாவதியானதை அறியாமலே நடமாடக்கூடும். 2015இன் பிற்பகுதியிலிருந்து வழங்கப்படும் அட்டை ஐந்தாண்டுக்குச் செல்லும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் கணினிப் பதிவில் மாத்திரம் நிகழ்கிறது. ஆகவே 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்ணும் தம் புகைப்படமும் பளிச்சென்று விளங்கும் அட்டை பர்ஸில் இருக்க, பதிவேட்டில் அவர் அனுமதியற்றவராக ஆகியிருப்பார். 'அப்ஷர்' செயலியில் தாமே கணக்குத் திறந்து, மாதம் ஒருமுறையேனும் தேதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். தேதி ஹிஜ்ரி வருஷக் கணக்கில் தெரிந்தால், அவ்வருஷம் நம் காலண்டர் வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைந்தது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எண்ணூரின் பர்மா நகரில் குடியேறியவர்களின் மூத்த தலைமுறைக்கு இந்தக் கவலை புதிதன்று. 1964இல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கித் தமிழர்களைக் கப்பலேறச் செய்வதற்கு வெகுகாலம் முன்னரே, அந்நியர் பதிவுச் சீட்டைப் பணம் கட்டிப் புதுப்பித்தே அவர்கள் ரங்கூனில் ஜீவனம் நடத்தினார்கள். ஆயினும் அந்தச் சீட்டுக்கு அவர்களே அலுவலகப் படியேறினார்கள். சவுதியிலோ மற்றொருவர் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டியிருக்கிறது.

இந்த நிர்ப்பந்தத்தில் முழுவதும் அகப்பட்டுக்கொள்பவர்கள் 'ஃப்ரீ விசா'வில் போனவர்கள். பெயரளவில் ஒரு கபீல், உழைப்பது வேறிடத்தில், ஆண்டுதோறும் தம் சொந்தப் பணத்தை ரசீதின்றி ரொக்கமாகக் கபீல் கையில் கொடுத்து இக்காமா அடித்துக்கொள்வது என்னும் ஏற்பாடு சட்ட விரோதமானது. கபீல் பணத்தை வாங்கிக்கொண்டு மௌனம் சாதித்தாலும், கேட்பதற்குத் தொழிலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. ஏஜெண்டு எத்தனை இனிக்கப் பேசினாலும் இதற்கு இணங்கலாகாது.

நேரான ஒப்பந்தத்தில் இருப்பவருக்கோ வழி உண்டு. 2021 மார்ச் 14 முதல் அமலுக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, இக்காமா காலாவதியானாலும், மூன்று மாதம் சம்பளம் வராமற் போனாலும், பழைய முதலாளியின் சம்மதமின்றியே 'கிவா' இணையதளத்தின் மூலம் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டு வேலையாட்களுக்கும் வீட்டு டிரைவர்களுக்கும் 2021இல் இச்சலுகை நீட்டப்படவில்லை என்பது அச்சீர்திருத்தத்தின் பெருங்குறை. சம்பள பாக்கிக்குச் சவுதி மனிதவள அமைச்சகத்தின் சமரசப் பிரிவில் புகார் செய்யலாம். 21 நாளில் இணக்கம் ஏற்படாவிடில் வழக்கு 2018இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். இதுவரையில் வக்கீல் தேவையில்லை. ரியாத் தூதரகமோ ஜித்தா துணைத் தூதரகமோ துணை நிற்கும். வீட்டார் இங்கிருந்தபடியே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் முறையிடலாம். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் அணுகலாம்.

வக்கீல் வேண்டியது, கபீல் திருட்டுப் புகாரோ மோசடிப் புகாரோ கொடுத்துக் காரியம் போலீஸ் வரை சென்றுவிட்டபோது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவியும் செய்யும்பொருட்டு 2009இல் இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆதலால் கடன் வாங்கி இடைத்தரகரிடம் கொட்டுமுன், தூதரகத்தில் மனுக் கொடுக்கவேண்டும்.

வக்கீலோ பிரதிநிதியோ வேண்டிய இன்னொரு சமயமும் உண்டு: சம்பள பாக்கி நிற்கையிலேயே ஊர் திரும்பும்போது. 2016இல் சவுதி ஓஜர் நிறுவனம் நொடித்தபோது, இக்காமாவும் சம்பளமுமின்றி முகாம்களில் கிடந்த ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு அபராதமின்றி வெளியேறச் சவுதி அரசு வழி செய்தது. பாக்கிக் கணக்கோ பின்னால் நின்றது. 'பைனல் எக்ஸிட்' கிடைத்த சந்தோஷத்தில் விமானமேறுகிறவர், பாக்கியைத் தம் சார்பில் கேட்டு வாங்கும் அதிகாரப் பத்திரத்தில் தூதரகத்தின் மூலம் கையெழுத்திட்டு வைத்துவிட்டே புறப்படவேண்டும். வேலை முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தொடுக்காத கோரிக்கையை அந்நாட்டு நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை.