ஃபில்லெட் போட்டாச்சு, அப்புறமும் ஏன் அந்தக் கோடு?

கேட் சாஃப்ட்வேர் கத்துக்கிற பலருக்கும் வர்ற சந்தேகம் இது. ரெண்டு சர்ஃபேஸுக்கு நடுவுல ஃபில்லெட் போட்டாச்சு, கூர்மையான விளிம்பே இல்லை. ஆனா ரெண்டர் பண்ணினா, வெளிச்சம் படுற இடத்துல ஒரு கோடு தெரியுது. ஏன்?

பதில் ரயில் பாதையில இருக்கு. திருத்துறைப்பூண்டி ஜங்ஷனை எடுத்துக்குவோம். திருவாரூர்–காரைக்குடி பாதையிலேர்ந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் கிளைப் பாதை இங்கேதான் பிரியுது. அதை அகலப்பாதையா மாத்தி 2023 ஏப்ரல் 8 அன்னைக்குத் திறந்தாங்க.

ஒரு பாதை திரும்பணும்னா, நேர்க்கோட்டோட முனையில ஒரு வட்டத்துண்டை ஒட்டிட்டா போதாதா? திசை ஒத்துப்போகும், பார்க்கவும் சரியா இருக்கும். ஆனா நேர்க்கோட்டோட வளைவு பூஜ்யம். வட்டத்தோட வளைவு 1/ஆரம். ஒட்டின இடத்துல அந்த மதிப்பு ஒரே தாவா தாவுது. ஆரம் 500 மீட்டர், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. 60 கிலோ ஆளை, கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமமான விசை சட்டுனு பக்கவாட்டுல தள்ளும்.

அதனாலதான் இந்திய ரயில்வே நடுவுல கியூபிக் பாரபோலாங்கிற ஒரு மாறுவளைவை வைக்குது. அதுல வளைவு பூஜ்யத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறும். வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்துறதும் அந்த நீளத்துலதான்.

நாம போடுற சாதாரண ஃபில்லெட், அந்த வெறும் வட்டத்துண்டு மாதிரி. ரெண்டு சர்ஃபேஸும் தொட்டா ஜி0. திசையும் ஒத்துப்போனா ஜி1. வளைவும் ஒத்துப்போனா ஜி2. சாதாரண ஃபில்லெட் ஜி1-லயே நின்னுடும். பளபளப்பான பரப்புல, வளைவு தாவுற இடத்துல பிரதிபலிப்பு முறியும். நீங்க பார்த்த கோடு அதுதான்.

சரி, என்ன பண்ணலாம்? ஃபில்லெட் ஆப்ஷன்ல, இல்லைன்னா லாஃப்ட் முனைகள்ல, டேன்ஜென்ட்டை மாத்தி கர்வேச்சர்னு வைங்க. அப்புறம் ஜீப்ரா அனாலிசிஸ் ஓட்டிப் பாருங்க. பட்டைகள் அறுந்து விலகி நின்னா ஜி0. சேர்ந்து, ஆனா சட்டுனு ஒடிஞ்சா ஜி1. வழுக்கிக்கிட்டுப் போனா ஜி2.

நீங்களே பெசியர் வளைவு வரையறீங்களா? ஒவ்வொரு முனையிலயும் இடத்துக்கு ஒரு கன்ட்ரோல் பாயின்ட், திசைக்கு இன்னொண்ணு, வளைவுக்கு மூணாவது. ஆக மொத்தம் 6, அதாவது டிகிரி 5. அப்போ ரெண்டு முனையையும் தனித்தனியா சரிபண்ணலாம்.

ஒண்ணு ஞாபகம் வைங்க: மாறுவளைவுக்கு நீளம் வேணும். தண்டவாளத்துக்கும் அப்படித்தான், உங்க மாடலுக்கும் அப்படித்தான். ரெண்டு சர்ஃபேஸையும் ஒட்டி ஒட்டி வெச்சுட்டு, கடைசியில மில்லிமீட்டர் இடத்துல ஜி2 கேட்டா, பரப்பு புடைச்சுக்கும். அதனால ஆரம்பத்துலயே இடம் விட்டு வரையுங்க.

உள்ளே ஒளிஞ்சிருக்கிற பிராக்கெட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், சாதாரண ஃபில்லெட்டே போதும். ஹெல்மெட், பைக் டேங்க் மாதிரி வெளிச்சம் வழுக்குற பொருளா? மோல்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஜீப்ராவைப் பார்த்துடுங்க. மோல்டு வெட்டினதுக்கு அப்புறம் அந்தக் கோட்டை அழிக்கிறது ரொம்பச் செலவு.